கொழும்பில் பார்க்க என்ன இருக்கிறது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

லண்டனில் இருக்கும் எங்கள் சாச்சி போன லீவுக்குப் பிள்ளைகளோடு தெஹிவளைக்கு வந்திருந்தார். அங்கே மாடி திறந்த பஸ்ஸில் ஏறி, வழிகாட்டி ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லச் சொல்ல, தேம்ஸ் கோட்டையும் வெஸ்ட்மின்ஸ்டரும் பார்த்த கதையைப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் ஆண்டு, ஓர் அரசர், ஒரு கொலை. ஒன்றும் மறக்காமல் ஒப்புவித்தார்கள். பிறகு பெரியவள் கேட்டாள்: "கொழும்பில பார்க்க என்ன ஈக்கிது?"

எங்கள் வாயில் உடனே வந்தது மிருகக்காட்சிச்சாலையும் காலி முகத்திடலும்தான். நாங்கள் பாடசாலையில் பாடம் நடத்துகிறவர்கள். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் எங்கள் பத்து வயது மகன் இன்னொரு கேள்வியைப் போட்டான். சில நாட்களுக்கு முன் விளையாட்டு இடத்தில் ஒரு பிள்ளை அவனிடம், "நீங்க எல்லாம் அரபு நாட்டிலேருந்து வந்த ஆக்கள், அங்கேயே போங்க" என்று சொல்லியிருக்கிறது. "உண்மையா? நாங்க எப்ப இந்த ஊருக்கு வந்த?" என்று கேட்டான்.

இரண்டு கேள்விக்கும் ஒரே நாளில் பதில் தேடிப் போனோம். எங்களுக்கு வழிகாட்டி வாழைத்தோட்டத்துப் பெரிய மாமா. புறக்கோட்டையில் நாற்பது வருடம் கடையில் கணக்கு எழுதியவர். பிள்ளைகளுக்கு மூத்தப்பா.

சனிக்கிழமை காலை தெஹிவளையில் கோச்சி ஏறினோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி. அந்த இருபது நிமிடமே லண்டன் பிள்ளைகளுக்குப் பெரிய காட்சி. கோட்டை நிலையத்தில் மாமா காத்திருந்தார். கையில் குடை, சட்டைப்பையில் ஒரு கடதாசி. அதில் ஆண்டுகள் மட்டும் எழுதியிருந்தார்.

"முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்" என்று தொடங்கினார். "கோட்டை என்று சொல்கிறோம், கோட்டை எங்கே?" பிள்ளைகள் சுற்றிப் பார்த்தார்கள். கோட்டையைக் காணோம். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் மாற்றிப் பலப்படுத்திய மதில்களை ஆங்கிலேயர் 1869 இல் இடிக்கத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது.

ஆட்சிகளின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகட்டும். 1505 அளவில் போர்த்துக்கேயர் வந்தார்கள். மாலைதீவுப் பக்கம் முஸ்லிம்களின் வாசனைத்திரவியக் கப்பல்களைத் துரத்தி வந்த கூட்டம்தான் கொழும்பில் கரை ஒதுங்கியது. அதாவது அவர்கள் வரும்போதே நாங்கள் இந்தக் கடலில் இருந்தோம். 1656 இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். 1796 இல் ஆங்கிலேயர். 1948 இல் சுதந்திரம்.

கோட்டையின் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் முதல் நிறுத்தம். 1857 இல் கட்டியது. ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த வடிவம். பிறகு அதே கோபுரம் கப்பல்களுக்கு வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றி உயர்ந்த கட்டடங்கள் வந்து வெளிச்சத்தை மறைக்க, 1952 இல் விளக்கை நிறுத்தினார்கள். நேரமும் காட்டி வழியும் காட்டிய கோபுரம் என்றார் மாமா.

அங்கிருந்து அவர் கையை நீட்டி, ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே நிற்கும் பழைய பிரதம தபாலகத்தைக் காட்டினார். 1895 இல் திறந்த கட்டடம். "இதைக் கட்டினது யார் தெரியுமா? அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார். எங்கட ஆள். அவரின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னேரம் திரும்ப வரும்."

புறக்கோட்டைக்குள் நுழையும்போது முதலில் வருவது கான் மணிக்கூட்டுக் கோபுரம். பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் ஒன்று தங்கள் தந்தையின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. பார்சிகள் இந்த நாட்டில் மிகச் சிறிய கூட்டம். ஆனால் அந்தக் கோபுரத்தைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளாத மூட்டை தூக்கும் தொழிலாளி புறக்கோட்டையில் இருந்திருக்க மாட்டார்.

அடுத்து இரண்டாம் குறுக்குத் தெரு. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட பள்ளிவாசல். வெளிநாட்டவர் படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு 'ரெட் மொஸ்க்'. எங்கள் மூத்தவர்களுக்குச் சம்மாங்கோட்டுப் பள்ளி. ஜாமிஉல் அல்பார் என்பது முறையான பெயர்.

தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம்களை இங்கே சம்மாங்காரர் என்பார்கள். புறக்கோட்டையில் தொழ ஓர் இடம் வேண்டும் என்று அவர்கள் 1908 இல் இந்தப் பள்ளியைக் கட்டத் தொடங்கி 1909 இல் முடித்தார்கள். வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. அவர் கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. அவர்கள் காட்டிய படங்களைப் பார்த்து, மனதில் வாங்கி, வரைந்தார். மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களை மகள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் இந்த மினாராக்களைக் கண்டுதான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிவார்களாம்.

பள்ளிக்கு அருகில் நின்றபடியே மாமா ஒரு விஷயம் சொன்னார். "1915 கலவரத்தில் முஸ்லிம் கடைகள் உடைந்தன. 1983 இல் தமிழ்க் கடைகள் எரிந்தன. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும்." 1915 அவர் வாப்பா வாயால் கேட்டது. 1983 அவர் கண்ணால் கண்டது. கண்டதைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு வீடு. பெரிய தூண்கள், உள்ளே முற்றம், கிணறு. ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ குடியிருந்த வீடு. அதன் வாசலில்தான் எங்கள் மகனின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது.

ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புக் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டைக்குள்ளும் சோனகர் வீடு, நிலம் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. வியாபாரத்தில் போட்டி என்பதுதான் அடிப்படைக் காரணம். அதற்கு முன் போர்த்துக்கேயர் 1626 இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற உத்தரவிட்டார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று வரலாறு சொல்கிறது. ஒரு பௌத்த மன்னன் எங்களுக்கு அடைக்கலம் தந்ததையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஒல்லாந்தர் போட்ட தடை ஆங்கிலேயர் காலத்தில், 1832 இல்தான் நீங்கியது.

மகன் கேட்டான்: "அப்ப, நாங்க இங்க இல்லாட்டி ஏன் சட்டம் போடணும்?"

மாமா சிரித்தார். "அதுதான் பதில். இல்லாத ஆளை யாரும் துரத்துவதில்லை."

பிரதான வீதி முடிவில் ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. கைமன் வாசல். கைமன் என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. மதிலைச் சுற்றிய நீரில் முதலைகள் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். லண்டன் பிள்ளைகளுக்கு அன்றைய நாளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதற்குப் பக்கத்தில் 1873 இல் கட்டிய பழைய நகர மண்டபம். அதையும் வாப்புச்சி மரிக்கார் கட்டிய கட்டடங்களில் ஒன்றாகச் சொல்வார்கள்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம். 1749 இல் தொடங்கி 1757 இல் திறந்தது. 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? நரியைப் பார்த்து ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள். தடித்த சுவர், தரையில் பெயர் செதுக்கிய கல்லறைக் கற்கள். எங்களை வீடு வாங்க விடாதவர்களும் இங்கேயே மண்ணாகிப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

இனிச் சொல்லப் போவது எழுதக் கொஞ்சம் கஷ்டமானது.

மாமாவின் கடதாசியில் அடுத்த பெயர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். நாங்கள் தயங்கினோம். 2019 ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறு அன்று, எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் முதலில் தாக்கிய இடங்களில் ஒன்று அது. அன்று நாடு முழுதும் 250 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. பயமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "பிள்ளைகளோட வேணாம்" என்றார் உம்மா.

மாமா வற்புறுத்தவில்லை. "என் உம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் இந்தத் தெருவால் போவார். வாசலில் எல்லாச் சனமும் நிற்கும். நாங்கள் தொழ உள்ளே போனதில்லை. ஆனால் இந்தத் தெரு எங்களுக்கு அந்நியத் தெருவாக இருந்ததும் இல்லை" என்றார்.

போனோம். வாசலில் பைகளைச் சோதித்தார்கள். எல்லோருடைய பையையும் சோதிப்பது போலத்தான். ஆனால் ஹிஜாப் போட்ட மகளின் பாடசாலைப் பையை ஒரு சகோதரி திறந்தபோது எங்களுக்கு மூச்சு நின்றது. தண்ணீர்ப் போத்தல், ஒரு கொப்பி, டொஃபி. மூடிக் கொடுத்தார். "வெயில், உள்ளுக்கு இருங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் வேறு ஏதோ நடக்கும் என்று ஐந்து ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோயிலின் கதையை மாமா வெளியே வந்து சொன்னார். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க மதமும் தடை. பாதிரிமார் ஒளிந்து திரிந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற பாதிரியார் வியாபாரி வேடத்தில் இங்கே இருந்ததாக ஐதீகம். கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரிடம் வந்து நின்றார்கள். அவர் சிலுவையை நட்டுப் பிரார்த்தித்தார், கடல் பின்வாங்கியது என்று அந்த மக்கள் நம்புகிறார்கள். கொச்சியார் கடை கொச்சிக்கடை ஆனது என்பார்கள்.

இதை நாங்கள் எங்கள் பாடப் புத்தகத்தில் இப்படிச் சேர்த்துப் படித்ததில்லை. முஸ்லிமுக்கு வீடு தடை, கத்தோலிக்கருக்குக் கோயில் தடை. ஒரே அரசு, ஒரே காலம், ஒரே நகரம். ஒடுக்கப்பட்ட இரண்டு கூட்டம் ஒரே மேட்டின் இரண்டு பக்கத்தில் வாழ்ந்திருக்கிறது. அந்த அயலவர்களின் கோயிலில்தான் எங்கள் பெயரைச் சொல்லி இரத்தம் சிந்தினார்கள். 2019 ஜூனில் கோயிலைத் திருத்தித் திரும்பத் திறந்தார்கள். எங்கள் மனதைத் திருத்தத்தான் காலம் எடுக்கிறது.

செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி, புதிய சோனகத் தெருப் பெரிய பள்ளியில் லுஹர் தொழுதோம். மாமா வீட்டில் பகல் சாப்பாடு. மாமி செய்த இறைச்சி ஆணத்தைப் பற்றி எழுதினால் பதிவு இன்னும் நீளும்.

பின்னேரம் கறுவாத் தோட்டத்தில் தேசிய நூதனசாலை. வெள்ளை மாளிகை போல நிற்கிற கட்டடம். முன்னால் ஆளுநர் வில்லியம் கிரெகரியின் சிலை. வரைந்தவர் ஸ்மித்தர் என்ற ஆங்கிலேயர். 1877 ஜனவரி 1 இல் திறந்தது. கட்டியவர் வாப்புச்சி மரிக்கார்.

மாமா தன் கடதாசியை எடுத்தார். "அவர் பிறந்தது 1829. அப்போது புறக்கோட்டையில் சோனகர் ஒரு வீடு வாங்க முடியாது. தடை நீங்கியபோது அவர் மூன்று வயதுப் பிள்ளை. நாற்பத்தைந்து வருடம் கழித்து நாட்டின் நூதனசாலையைக் கட்டி முடித்து ஆளுநர் கையில் கொடுக்கிறார்."

பரிசாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம். பணமோ பட்டமோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வையுங்கள், ஜும்ஆவுக்கு மரியாதையாக இருக்கும் என்று மரிக்கார் கேட்டதாக எங்கள் சமூகத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். வெள்ளிக்கிழமைகளில் நீண்ட காலம் அது மூடித்தான் இருந்தது. அவர் கட்டடத்தோடு நிற்கவில்லை. சித்தி லெப்பை, எகிப்திலிருந்து 1883 இல் இங்கே நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா ஆகியோரோடு சேர்ந்து, 1892 இல் மருதானையில் மத்ரசதுஸ் ஸாஹிரா தொடங்கவும் முன்னின்றார். இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான். பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரிக்காகப் பாடுபட்ட சேர் ராசிக் பரீத் அவரின் பேரன்.

உள்ளே ஒரு கல்லுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409 இல் சீனாவில் செதுக்கி, இங்கே நட்டது. ஒரே கல்லில் மூன்று எழுத்து. சீனத்தில் புத்தருக்கு வணக்கம். தமிழில் தெவிநுவரைத் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கு வணக்கம். பாரசீகத்தில், எங்கள் அரபு எழுத்தில், அல்லாஹ்வுக்குப் புகழ். மூன்று இடத்துக்கும் காணிக்கைப் பட்டியலும் உண்டு: பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். இத்தனைக்கும் செங் ஹோ ஒரு முஸ்லிம். அவரின் தந்தையை ஹாஜி என்று அழைத்தார்கள்.

அந்தக் கல் 1911 இல் எப்படிக் கிடைத்தது தெரியுமா? காலியில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் கீழே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் வண்டியும் மாடும் போயிருக்கின்றன.

இதோடு மாமா இன்னொரு கல்லின் கதையைச் சேர்த்தார். கொழும்பின் பழைய முஸ்லிம் மையவாடியில் இருந்த ஒரு மீஸான் கல்லை 1787 இல் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் வீடு கட்டுவதற்காக எடுத்துக்கொண்டார். பின்னால் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் என்ற ஆங்கிலேய நீதியரசர் அதன் எழுத்தைப் பிரதி எடுப்பித்தார். பேராசிரியர் சாமுவேல் லீ வாசித்தார். 1827 இல் இங்கிலாந்தில் அச்சானது. கூபி எழுத்தில், காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கப்றுக் கல். ஆண்டு ஹிஜ்ரி 337. ஆங்கிலக் கணக்கில் 948 அல்லது 949.

மகன் விரல் விட்டு எண்ணினான். ஆயிரத்து எழுபது வருடத்துக்கு மேல். கொழும்பைக் கண்டு, செரந்தீபின் அழகான பெரிய நகரங்களில் ஒன்று என்று இப்னு பதூதா எழுதியதே 1344 இல். போர்த்துக்கேயர் வரும்போது அந்தக் கப்றுக் கல்லுக்கு ஐநூற்றைம்பது வயது தாண்டிவிட்டது.

"அப்ப நாங்க வந்த ஆக்கள் இல்லையா?"

இந்த இடத்தில்தான் நாங்கள் ஆசிரியர்களாக யோசிக்க வேண்டியிருந்தது. "இல்லை, நாங்கள்தான் முதல்" என்று சொல்ல நாக்கு துடித்தது. அது பொய். எங்கள் மூதாதையரில் கடலால் வந்தவர்களும் உண்டு, இந்த மண்ணிலேயே பிறந்த உம்மாமாரும் உண்டு. அன்று நாங்கள் பார்த்த கட்டடங்களில் எதுவும் ஒரு சாதியார் மட்டும் கட்டியதல்ல. பார்சி கட்டிய மணிக்கூடு, சம்மாங்காரர் கட்டிய பள்ளி, ஆங்கிலேயர் வரைந்து சோனகர் கட்டிய நூதனசாலை, அதற்குள்ளே சிங்கள மன்னர்களின் சிம்மாசனம். ஆகவே இப்படிச் சொன்னோம்: "கொழும்புக்குப் பல பேர் பல காலத்தில் வந்தார்கள். நாங்கள் மிகப் பழைய ஆட்களில் ஒரு கூட்டம். முந்தி வந்தவன் என்பதால் எங்களுக்கு யாரையும் துரத்த உரிமை இல்லை. அதே போல எங்களைப் போகச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை."

அவன் தலையாட்டினான். விளங்கியதா தெரியாது. ஆனால் மும்மொழிக் கல்லைத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்று சொன்னான்: "மூத்தப்பா, அதில எங்கட எழுத்துத்தான் கூட அழிஞ்சு போயீக்கிது."

உண்மைதான். மூன்றில் பாரசீகப் பகுதிதான் மிகவும் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானம் தண்ணீராலும் காலத்தாலும் வந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் தேய்வதற்கு நாங்களேதான் காரணம். தெஹிவளையில், கல்கிசையில், வெள்ளவத்தையில் எத்தனை வீட்டில் பழைய உறுதிகள், நிக்காஹ் பதிவுகள், அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகள், கடைக் கணக்குப் புத்தகங்கள் அலுமாரி மேல் கறையானுக்குக் கிடக்கின்றன? பெரியவர் மௌத்தானதும் குப்பையோடு போகின்றன. பிறகு பிள்ளை வந்து "நாங்க எப்ப வந்த?" என்று கேட்டால் கூகுளைக் காட்டுகிறோம்.

எனவே மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்தத் தவணை லீவில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக்கு நடந்து போங்கள். கோச்சிக் காசும் நூதனசாலை டிக்கட்டும்தான் செலவு. இரண்டு, உங்கள் வீட்டு மூத்தவரைக் கூடவே கூட்டிப் போங்கள். நூலில் இல்லாதது அவரிடம் இருக்கும். போனில் பதிவு செய்து வையுங்கள். மூன்று, எங்கள் பள்ளியோடு நின்றுவிடாமல் கொச்சிக்கடை வரை நடங்கள். அந்தத் தூரம் எங்களுக்கு மிகவும் நீளமாக இருந்தது. உங்களுக்கு அப்படி இருக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது கோச்சியில் லண்டன் பிள்ளை, "லண்டனில் வழிகாட்டிக்குக் காசு கொடுத்தோம், மூத்தப்பாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். மாமாவிடம் போன் எடுத்துச் சொன்னோம். "அடுத்த முறை கொம்பனித்தெரு, மலாய்க்காரர் கதை. அதற்கும் சேர்த்து ஒரு கோப்பை பிளேன்டீ போதும்" என்றார்.

இன்ஷா அல்லாஹ், அந்த நடையையும் எழுதுவோம்.